மேடையில் விழுந்தாள், கூட்டம் சிரித்தது!

லண்டன் பாட்டுக் கொட்டகை ராணி மேரி லாயிட்டின் கதை

1922-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 4-ந் தேதி.

லண்டன் நகரின் வடக்குப் பகுதியில் எட்மன்டன் என்று ஓர் இடம். அங்கே 'எம்பயர்' என்ற பாட்டுக் கொட்டகை. அன்று இரவு ஒரு பெண் அந்த மேடையில் ஏறினாள்.

குடித்துக் கெட்டுப்போன ஒரு பெண்ணின் வேடம் அவளுக்கு. தன்னை இடிந்துபோன பழைய கட்டடத்துக்கு ஒப்பிட்டு, தானே தன்னைக் கேலி செய்துகொள்ளும் பாட்டு அது.

பாடும்போதே அவள் தள்ளாடினாள். குரல் கம்மியது. கால் பின்னியது. கடைசியில் மேடையிலேயே விழுந்து விட்டாள்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "ஆகா! என்ன நடிப்பு! உண்மையான குடிகாரியே தோற்றாள்!" என்று நினைத்துக் கைதட்டியது.

ஆனால் அது நடிப்பு அல்ல. அவள் உண்மையாகவே நோயாளி. "மேடை ஏறாதே" என்று டாக்டர் தடுத்திருந்தார். அவர் பேச்சைக் கேட்காமல்தான் அவள் வந்திருந்தாள்.

மூன்று நாளில் அவள் இறந்தாள். வயது 52.

அவள் பெயர் மேரி லாயிட். இங்கிலாந்தில் ஏழை எளியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர் அது.

ஒன்பது பேரில் மூத்தவள்

மேரி லாயிட் என்பது மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர். பெற்றோர் வைத்த பெயர் மெட்டில்டா ஆலிஸ் விக்டோரியா உட்.

1870-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி, லண்டனில் ஹாக்ஸ்டன் என்ற ஏழைகள் வட்டாரத்தில் அவள் பிறந்தாள். தந்தை ஜான் உட். அவர் காகிதப் பூ, துணிப் பூ செய்து விற்பார். அது போதவில்லை. அதனால் பக்கத்திலிருந்த 'ஈகிள்' என்ற மதுக்கடையில் பரிமாறும் வேலையும் பார்த்தார். தாய் உடை தைப்பவர். குழந்தைகள் ஒன்பது பேர். மூத்தவள் மெட்டில்டா.

சிறு வயதிலேயே அவள் வேலைக்குப் போனாள். குழந்தைகளுக்குப் பூட்ஸ் செய்யும் இடத்தில் சில நாள் இருந்தாள். தொப்பிகளில் வைக்கும் இறகுகளைச் சுருட்டும் இடத்தில் சில நாள் இருந்தாள். எதுவும் நிலைக்கவில்லை. அவள் மனம் எல்லாம் ஆட்டத்திலும் பாட்டிலும்தான் இருந்தது.

தன் தங்கைகளையும் தம்பியையும் சேர்த்துக்கொண்டு ஒரு பாட்டுக் குழு அமைத்தாள். தாய் உடை தைத்துக் கொடுத்தார். மாதா கோவில் மண்டபங்களில் அந்தக் குழந்தைகள் பாடினார்கள்.

என்ன பாட்டுத் தெரியுமா? மது குடிக்காதே என்று புத்தி சொல்லும் பாட்டு! அந்தச் சிறுமியின் பிற்கால வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இது நெஞ்சைச் சுடும் செய்தி.

பாட்டுக் கொட்டகை என்பது என்ன?

அப்போது இங்கிலாந்தை ஆண்டவர் விக்டோரியா ராணி. சினிமா இல்லை. ரேடியோ இல்லை. நாள் முழுவதும் ஆலையிலும் துறைமுகத்திலும் உழைத்த தொழிலாளிக்கு இருந்த பெரிய பொழுதுபோக்கு பாட்டுக் கொட்டகை. 'மியூசிக் ஹால்' என்று அதைச் சொல்வார்கள்.

முதலில் மதுக்கடைகளின் பின்கட்டில்தான் பாட்டு நடந்தது. குடிக்க வருகிறவர்கள் பாட்டும் கேட்பார்கள். சார்லஸ் மார்ட்டன் என்ற மதுக்கடைக்காரர் 1852-ல் லாம்பெத் பகுதியில் 'கேன்டர்பரி' என்ற பெரிய மண்டபம் கட்டினார். வியாபாரம் கொழித்தது. அதைப் பார்த்து ஊர் ஊராகக் கொட்டகைகள் முளைத்தன.

கொட்டகையில் மேஜை நாற்காலி போட்டிருக்கும். ஆணும் பெண்ணும் சாப்பிட்டுக்கொண்டே ஆட்டம் பார்க்கலாம். மேடை ஓரத்தில் தலைவர் ஒருவர் சுத்தியலுடன் உட்கார்ந்திருப்பார். "அடுத்து வருகிறவர் இன்னார்" என்று மேஜையில் தட்டி அறிவிப்பார். பாட்டு, நடனம், கோமாளி, கழைக்கூத்து, மாயவித்தை என்று ஒன்று மாற்றி ஒன்று நடக்கும். பாட்டின் பல்லவியைக் கூட்டமே சேர்ந்து பாடும். பிடித்தால் கைதட்டல் கூரையைப் பிளக்கும். பிடிக்காவிட்டால் கூச்சல்தான்!

புகழ் பெற்றவர்கள் ஒரே இரவில் மூன்று நான்கு கொட்டகைகளில் பாடுவார்கள். ஓர் இடத்தில் பாடி முடித்ததும் குதிரை வண்டியில் ஏறி அடுத்த இடத்துக்குப் பறப்பார்கள்.

பாட்டு எழுதியவருக்குக் கிடைத்தது சொற்பம். ஒரு பவுன், இரண்டு பவுனுக்குப் பாட்டை விற்று விடுவார். அந்தப் பாட்டு நாடு முழுவதும் ஒலிக்கும். எழுதியவர் பழைய கோட்டோடு நடந்து போவார்.

இன்னொருத்தியின் பாட்டு

1885-ம் ஆண்டு மே மாதம். தந்தை வேலை பார்த்த ஈகிள் மதுக்கடையின் மேடையிலேயே மெட்டில்டா முதல் முதலாகப் பாடினாள். வயது 15.

சில வாரங்களில் பெயரை மாற்றிக்கொண்டாள். முதலில் வைத்த புதுப்பெயர் பெல்லா டெல்மியர். அது நிலைக்கவில்லை. பிறகு மேரி லாயிட் என்று ஆனாள். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு படித்த வாரப் பத்திரிகை ஒன்றின் பெயரில் 'லாயிட்' என்ற சொல் இருந்தது. அதிலிருந்து அவள் எடுத்துக்கொண்டாள்.

மேல்தட்டில் மலிவு டிக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் காதலனைப் பார்த்து ஒரு பெண் பாடும் பாட்டுதான் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. மேல்தட்டில் இருந்த ஒவ்வோர் இளைஞனும் "என்னைத்தான் பாடுகிறாள்" என்று பூரித்தான்.

ஆனால் அது அவளுடைய பாட்டு அல்ல. நெல்லி பவர் என்ற புகழ் பெற்ற பாடகியின் பாட்டு. அனுமதி கேட்காமல் சிறுமி எடுத்துப் பாடிவிட்டாள். பிறகு அதை நிறுத்த வேண்டியதாயிற்று.

அந்த நெல்லி பவர் 1887-ல் இறந்தாள். வயது 32. ஒரு காலத்தில் பணத்தில் புரண்டவள், சாகும்போது கையில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. மேரி அதைப் பாடமாக எடுத்துக்கொண்டிருந்தால் அவள் கதையே வேறாக இருந்திருக்கும்.

கண் சிமிட்டினால் போதும்

மேரிக்குப் பெரிய குரல்வளம் கிடையாது. பேரழகி என்றும் சொல்ல முடியாது. பற்கள் சற்று முன்னே நீண்டிருக்கும். ஆனால் மேடையில் வந்து நின்றாள் என்றால் ஒரு கொட்டகையே அவள் கைக்குள் அடங்கும்.

பாட்டில் இருக்கும் சொற்கள் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கண் சிமிட்டல், ஒரு சிறு சிரிப்பு, ஒரு தலையசைப்பு போதும். சொல்லுக்கு இரண்டாவது அர்த்தம் வந்துவிடும்!

ஒழுக்கம் காக்கும் கமிட்டிக்காரர்கள் ஒரு முறை அவளை விசாரித்தார்களாம். அவள் தன் பாட்டுகளை எல்லாம் அசையாமல் நின்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலப் பாடிக் காட்டினாள். ஒரு குற்றமும் காண முடியவில்லை. பிறகு, அவர்கள் வீட்டுப் பெண்கள் பாடும் மரியாதையான பாட்டு ஒன்றை எடுத்து, கண்ணைச் சிமிட்டிப் பாடினாள். கமிட்டிக்காரர்கள் முகம் சிவந்து போயிற்று! இப்படி ஒரு கதையை இங்கிலாந்தில் இன்றும் சொல்கிறார்கள்.

புகழின் உச்சியில் அவள் சம்பளம் வாரத்துக்கு நூறு பவுனுக்கு மேல். ஒரு தொழிலாளிக்கு வாரம் ஒன்றரைப் பவுன் கிடைத்தாலே பெரிது என்ற காலம் அது!

இரவில் சிரிப்பு, வீட்டில் கண்ணீர்

மேடையில் ராணியாக இருந்த மேரிக்கு வீட்டில் நிம்மதி இல்லை.

17-வது வயதில், 1887-ல், பெர்சி கோர்ட்னி என்பவனை மணந்தாள். அடுத்த ஆண்டு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கணவன் குடிகாரன். குதிரைப் பந்தயத்தில் பணத்தைக் கொட்டினான். அவளை அடித்தான். 1894-ல் இருவரும் பிரிந்தார்கள். விவாகரத்துக் கிடைக்க 1905 வரை ஆயிற்று.

1906-ல் அலெக் ஹர்லி என்ற பாடகரை மணந்தாள். அவர் சாதுவான மனிதர். ஆனால் மேரியின் வீட்டில் எந்நேரமும் விருந்து, கூட்டம், சத்தம். அவளுடைய புகழுக்குப் பின்னால் அவர் ஒதுங்கி நின்றார். அந்த மண வாழ்வும் கசந்தது.

மேரியின் கை ஓட்டைக் கை. தாய் தந்தை, தங்கைகள், வேலை இல்லாத நடிகர்கள் என்று கேட்டவருக்கெல்லாம் கொடுத்தாள். வந்த பணம் வந்த வழியே போயிற்று.

சிரிக்க வைத்தவர்கள் வாழ்ந்த வாழ்க்கை

மேரி ஒருத்தி மட்டும் அல்ல. அந்த மேடையில் மின்னிய பலருடைய வாழ்க்கையும் இப்படித்தான் இருந்தது.

ஜார்ஜ் லேபோர்ன் என்ற பாடகர் 1866-ல் ஷாம்பேன் மதுவைப் புகழ்ந்து ஒரு பாட்டுப் பாடினார். நாடே அதை முணுமுணுத்தது. மேடைக்கு வெளியேயும் பிரபுவைப் போலவே இருக்க வேண்டும் என்று கொட்டகைக்காரர் அவரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கினார். நான்கு குதிரை பூட்டிய வண்டியில் அவர் ஊர்வலம் வந்தார். மது வியாபாரிகள் பெட்டி பெட்டியாகக் கொடுத்தார்கள். 1884-ல், 42-வது வயதில், ஏழையாக இறந்தார்.

டான் லெனோ என்பவர் கோமாளிகளின் அரசர். நடக்கத் தெரிந்த சில ஆண்டுகளிலேயே மேடை ஏறியவர். மரக்கட்டைச் செருப்பு நடனத்தில் 1880-ல் பட்டம் வென்றார். ட்ரூரி லேன் நாடகக் கொட்டகையில் மேரியும் அவரும் சேர்ந்து நடித்தார்கள். 1901-ல் ஏழாம் எட்வர்ட் மன்னரே அவரை அரண்மனைக்கு அழைத்துப் பார்த்துச் சிரித்தார். 1903-ல் அவருக்குச் சித்தம் கலங்கியது. 1904-ல் இறந்தார். வயது 43.

லிட்டில் டிச் என்பவரின் உயரம் நாலரை அடிதான். ஒவ்வொரு கையிலும் ஒரு விரல் கூடுதல். கேலி செய்தவர்களையே அவர் காசு கொடுத்துப் பார்க்க வைத்தார். இரண்டடிக்கு மேல் நீளமான பூட்ஸ் போட்டுக்கொண்டு, அதன் நுனியில் எழும்பி நின்று ஆடுவார். 1900-ல் பாரிஸ் நகரில் அந்த ஆட்டத்தைப் படம் பிடித்தார்கள். அந்தப் படம் இன்றும் இருக்கிறது.

இன்னொரு கதை எல்லோரையும் உருக்கும்.

ஹன்னா என்ற பாடகி 1894-ல் ஆல்டர்ஷாட் என்ற ஊரில் சிப்பாய்கள் முன்னால் பாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று குரல் அடைத்து விட்டது. சிப்பாய்கள் கூச்சல் போட்டார்கள். அவள் உள்ளே ஓடினாள். மேனேஜர் வேறு வழி இல்லாமல் அவளுடைய 5 வயது மகனை மேடையில் கொண்டுவந்து விட்டார். பையன் பாடினான். காசு மழை பொழிந்தது. பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, "காசைப் பொறுக்கிக்கொண்டு பிறகு பாடுகிறேன்" என்றான். கொட்டகை அதிரச் சிரித்தது.

அந்தப் பையன்தான் சார்லி சாப்ளின்! அவன் முதல் முதலாக மேடை ஏறிய அந்த இரவே, அவன் தாயின் கடைசி மேடையாக ஆயிற்று. தன் வாழ்க்கைக் கதையில் சாப்ளினே இதை எழுதியிருக்கிறார்.

ஏழை நடிகர்களுக்காகத் தெருவில் நின்றாள்

1907-ம் ஆண்டு.

கொட்டகைகள் எல்லாம் பெரிய முதலாளிகளின் கைக்குப் போய்விட்டன. ஒரே இரவில் இரண்டு ஆட்டம். போதாததற்குப் பகல் ஆட்டம். கூடுதல் ஆட்டத்துக்குக் கூடுதல் சம்பளம் இல்லை. "என் கொட்டகையில் பாடினால் சுற்றுவட்டாரத்தில் வேறு எங்கும் பாடக் கூடாது" என்றும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள்.

1906-ல் நடிகர்கள் சங்கம் அமைத்திருந்தார்கள். 1907 ஜனவரியில் வேலை நிறுத்தம் தொடங்கியது. வாத்தியக்காரர்களும் மேடைத் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

மேரிக்கு இந்தச் சண்டையால் ஒரு லாபமும் இல்லை. அவள் கேட்ட சம்பளத்தைக் கொடுக்க முதலாளிகள் காத்துக் கிடந்தார்கள். ஆனாலும் அவள் தெருவில் இறங்கினாள். எங்களைப் போன்ற பெரிய நட்சத்திரங்கள் நினைத்த கூலியைக் கேட்டு வாங்க முடியும். வாரம் ஒன்றரைப் பவுன், மூன்று பவுன் வாங்கும் ஏழை நடிகர்களுக்காகத்தான் இந்தப் போராட்டம் என்று சொன்னாள். கொட்டகை வாசலில் குளிரில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுத்தாள்.

அப்போது பெல் எல்மோர் என்ற சிறு பாடகி மறியலை மீறி உள்ளே போக வந்தாளாம். மற்றவர்கள் தடுத்தார்கள். "விட்டு விடுங்கள், அவள் பாடினால் கூட்டம் தானாகவே வெளியே வந்துவிடும்" என்று மேரி சொன்னதாக ஒரு கதை உண்டு. அந்தப் பெல் எல்மோரைக் கொன்றதாகத்தான் அவள் கணவன் டாக்டர் கிரிப்பன் 1910-ல் தூக்கிலிடப்பட்டான்.

வேலை நிறுத்தம் இரண்டு வாரம் போல நடந்தது. பிறகு அரசாங்கம் நியமித்த மத்தியஸ்தர் ஜார்ஜ் ஆஸ்க்வித் தீர்ப்புச் சொன்னார். வாத்தியக்காரர்களுக்கும் மேடைத் தொழிலாளர்களுக்கும் குறைந்தபட்ச சம்பளம் கிடைத்தது.

ராஜா வந்தார், அழைப்பு வரவில்லை

1912-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி. லண்டன் பேலஸ் நாடகக் கொட்டகையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி ராணியும் பாட்டுக் கொட்டகைக் கலைஞர்களின் நிகழ்ச்சியைப் பார்க்க வந்தார்கள். கூத்தாடிகள் என்று ஏளனமாகப் பார்க்கப்பட்டவர்களுக்கு அது பெரிய கௌரவம். புகழ் பெற்றவர்கள் பலருக்கும் அழைப்புப் போயிற்று.

மேரி லாயிட்டுக்கு அழைப்பு இல்லை!

அவள் பாட்டு ராஜ சபைக்கு ஏற்றதல்ல என்று கருதினார்கள். அவள் குடும்ப வாழ்க்கையையும் பேசினார்கள். மேடையிலேயே முடிசூடியிருந்த ராணிக்கு அந்த அவமானம் ஆறாத புண்ணாயிற்று.

அடுத்த அடி 1913-ல் விழுந்தது. ஹர்லியைப் பிரிந்திருந்த மேரி, பெர்னார்ட் டில்லன் என்ற குதிரைப் பந்தய ஜாக்கியுடன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினாள். டில்லன் 1910-ல் புகழ் பெற்ற டெர்பி பந்தயத்தில் வென்றவன். அவளைவிடப் பதினேழு பதினெட்டு வயது இளையவன். கணவன் மனைவி என்று சொல்லி இருவரும் பயணம் செய்தார்கள். நியூயார்க் அதிகாரிகள் உண்மையைக் கண்டுபிடித்து, எல்லிஸ் தீவில் அவர்களைக் காவலில் வைத்தார்கள். தனித்தனியாகத் தங்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் பிறகு விட்டார்கள்.

அந்த ஆண்டு டிசம்பரில் ஹர்லி இறந்தார். 1914-ல் மேரி டில்லனை மணந்தாள்.

மூன்றாவது கணவன் முதல் கணவனைவிட மோசம். குடித்தான். அடித்தான். முதல் உலக யுத்தத்தின்போது மேரி ஆயுதத் தொழிலாளர்களுக்காகவும் காயம்பட்ட சிப்பாய்களுக்காகவும் பாடினாள். வீட்டுக்குப் போனால் அடி விழும். 1920-ல் கோர்ட்டுக்குப் போய்த் தன் துன்பத்தைச் சொல்லி அவனைப் பிரிந்தாள். அதற்குள் அவளையும் மது பிடித்துக்கொண்டுவிட்டது.

வண்டியின் பின்னால் நடந்த பெண்

1919-ல் அவளுக்கு இன்னொரு பாட்டுக் கிடைத்தது. வாடகை கொடுக்க வழியில்லாமல், இரவோடு இரவாக வீட்டைக் காலி செய்யும் குடும்பத்தின் கதை. சாமான் வண்டியில் கணவன் போகிறான். இடம் இல்லாததால் மனைவி பறவைக் கூண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கிறாள். நடுவழியில் மதுக்கடையில் நுழைந்து வழி தப்பி விடுகிறாள்.

கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர்களில் எத்தனையோ பேர் அப்படி வீடு காலி செய்தவர்கள்! தங்கள் கஷ்டத்தைத் தங்கள் பேச்சிலேயே ஒருத்தி பாடுகிறாள். அதைக் கேட்டுச் சிரிக்கவும் முடிகிறது. மேரியின் புகழுக்கு இதுதான் ரகசியம்.

ஐம்பதாயிரம் பேர்

1922 அக்டோபர் 7-ந் தேதி மேரி லாயிட் இறந்தாள். லட்சக்கணக்கில் சம்பாதித்திருக்க வேண்டியவள் விட்டுப்போனது கொஞ்சம்தான்.

12-ந் தேதி ஹாம்ப்ஸ்டெட் கல்லறைக்கு அவள் உடலைக் கொண்டு போனார்கள். ஐம்பதாயிரம் பேருக்கு மேல் திரண்டார்கள். கவிஞர் டி. எஸ். எலியட் அவளுக்காக இரங்கல் கட்டுரை எழுதினார். சாதாரண மக்களின் வாழ்வை அவளைப் போல் எடுத்துக் காட்டியவர் இல்லை என்று புகழ்ந்தார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற கவிஞர் அவர்!

அவள் இறந்த அதே மாதத்தில்தான் பி.பி.சி. ரேடியோ கம்பெனி தோன்றியது. சினிமா ஏற்கெனவே வந்துவிட்டது. பாட்டுக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பல சினிமாக் கொட்டகைகளாக மாறின. லண்டனில் வில்டன், ஹாக்ஸ்டன் போன்ற ஒரு சில மட்டும் காப்பாற்றப்பட்டு இருக்கின்றன. மேரியின் குரல் பழைய கிராமபோன் தட்டுகளில் கேட்கிறது.

முதிய கலைஞர்களுக்காக லண்டன் அருகே ட்விக்கன்ஹாமில் 1911-ல் ஓர் இல்லம் திறந்தார்கள். மேரியை அழைக்காமல் நடந்த 1912 நிகழ்ச்சியின் வசூல், வறுமையில் வாடும் கலைஞர்களின் நிதிக்குத்தான் போயிற்று. அந்த நிகழ்ச்சி பிறகு ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாயிற்று. அதில் வரும் பணம் முதிய கலைஞர்களைக் காப்பாற்றுகிறது.

ஏழைக் கலைஞர்களுக்காகக் குளிரில் தெருவில் நின்றவள் மேரி. அவளை வாசலுக்கு வெளியே நிறுத்திய அந்த விழா, கடைசியில் அவள் விரும்பிய காரியத்தையே செய்தது.